தலைவர் தலை மட்டும் பாக்கி

படகில் குளிப்பவர்களின் சுகத்துக்காகவே ஒரு வாரியம் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வாரியம் வருவதற்கு முன்பே படகுக்காரர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் வாரியத்தார் நம்ப மாட்டார்கள்.

சிறுபடகுவாசிகள் குளியல் மற்றும் சுகவாழ்வு வாரியம் என்பது அதன் முழுப்பெயர். துறைமுகத் தெருவில் கடலைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம். ஆனால் கடல் பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை போட்டிருக்கும். தலைவருக்கு அலையைப் பார்த்தால் தலை சுற்றும், குமட்டும். கடலைப் பார்க்காமலே கடலை நிர்வகிக்கும் திறமை எல்லாருக்கும் வாய்த்துவிடாது. அவருக்கு வாய்த்திருந்தது, அதனால்தான் தலைவர்.

இந்த வாரியத்தின் கண்ணில் கடைசியாகப் பட்டவர் செக்கர். நகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். படகுத்துறையில் எல்லாரும் அவரைச் செக்கர் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டிக்கெட் இல்லாதவன் எவனாக இருந்தாலும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று வேலைக்காலம் முழுக்கச் சொன்னவர். விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காரணமும் இருக்கும் என்று மனதார நம்பியவர். இந்தக் கதையில் அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

அவர் படகுக்குக் குடிவந்தது உல்லாசத்துக்கு அல்ல. மனைவிக்கு முதுகெலும்பில் நோய். கரையில் எந்தக் கட்டிலில் போட்டாலும் வலி அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் காற்றாட ஒரு நண்பரின் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஏறிப் படுத்தவள் தூங்கினாள். சும்மா இல்லை, குறட்டை விட்டுத் தூங்கினாள். முழித்ததும் "தொட்டில்ல போட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். செக்கருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் ஒரு சின்னப் படகு, இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு. வலி மட்டும் கரையிலேயே பாதி நின்றுவிட்டது.

அவளுக்கு அந்த நாட்களில் மிஞ்சியிருந்த பெரிய சுகம் மத்தியானக் குளியல். செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஒன்றைப் புதிதாக வாங்கி, அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார் செக்கர். காலையில் நல்ல தண்ணீர் ஊற்றி மேல்தட்டில் வெயிலில் வைத்துவிட்டால் மத்தியானத்துக்குள் பதமாகச் சுட்டுவிடும். படகின் பின்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி; அவளைத் தூக்கிவந்து அதில் உட்கார வைப்பார். குறுக்குக் கட்டையில் ஒரு பழைய போர்வை. அதுதான் குளியலறைச் சுவர். முதலில் கடல்தண்ணீரில் நனைத்த துண்டால் உடம்பு துடைப்பார். அப்புறம் நல்ல தண்ணீரைத் தெளித்து உப்பைப் போக்குவார். உப்பு உடம்போடு படுத்தால் படுக்கையே ஈரம் வாங்கிக்கொண்டு கசகசக்கும். கடைசியில் தலை. அவள் அவருடைய முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். பம்பின் மெல்லிய பூந்தூறல் வகிட்டில் இறங்கும். செம்பால் மொண்டு ஊற்றினால் அவளுக்கு மூச்சு முட்டும். அதனால் தலைக்குப் பம்பு மட்டும்தான்.

"சூடு சரியா இருக்கா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

அவள் தொலைபேசி நிலையத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். காலமெல்லாம் ஊரார் குறையைக் கேட்டாயிற்று, இனி என் முறை என்பாள். "என்ன, சூரியனுக்கு இன்னைக்கு லீவா?" என்பாள் ஒருநாள். "என்னை வேகவச்சு இறக்கப் போறீங்களா?" என்பாள் மறுநாள். சூடு சரியாக அமைந்துவிட்டால், "காதுக்குப் பின்னால நுரை நிக்குது. டிக்கெட் பார்த்த கண்ணா இது?" என்பாள். அவள் குறை சொல்லாமல் குளித்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் வாரியத்தின் ஆய்வாளர் துறையில் வந்து நின்றார். மேல்தட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பம்பை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என்னது?"

"குளிக்கிறதுக்கு சார்."

"பூச்சி மருந்தடிக்கிற சாதனம்னுதான் எங்க பட்டியல்ல இருக்கு. இதால குளிச்சா அது குளியல் இல்ல. மருந்தடிப்பு."

"மருந்து எதுவும் ஊத்தினதே இல்ல சார். புதுசு."

"அதை நீங்க சொல்லக்கூடாது. நாங்க சொல்லணும்."

பம்பின் வாயில் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். உள்ளே அவளுக்காகச் சுட்டுக்கொண்டிருந்த தண்ணீரும் அப்படியே அரசுடைமை ஆயிற்று. அங்கீகாரம் இல்லாமல் படகில் குளித்தால், குளித்தவரைப் பாதுகாப்புக் கருதிக் கரைக்கு மாற்றிவிடுவோம் என்றார்.

கரை என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே படுத்திருந்தவள் போர்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செக்கர் அதைப் பார்த்தார்.

"அங்கீகாரம் வாங்கற வரைக்கும் எங்க சார் குளிக்கிறது?"

"கரையில பொதுக் குளியல் கூடம் கட்டியிருக்கோமே."

"அதுல தண்ணி வர்றதில்லையே."

"யாரும் வந்து குளிக்கலையே. தேவை இருக்குன்னு நிரூபணம் ஆனாத்தானே தண்ணி இணைப்பு குடுக்க முடியும்?"

"துண்டை நனைச்சுத் துடைக்கலாமா?"

ஆய்வாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "துடைக்கலாம். துண்டுலேர்ந்து சொட்டு விழுந்தா அது குளியல்." பம்பைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

பக்கத்துப் படகில் ஒரு வெல்டரும் அவன் மனைவியும் இருந்தார்கள். வெல்டருக்கு வாய் நீளம். "அண்ணே, கடைக்குப் போய் இன்னொண்ணு வாங்கி ஊத்துங்க. முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?" என்றான். "கரைக்குக் கொண்டுபோயிடுவாங்கப்பா. ஒரு அங்கீகாரம்தானே, வாங்கிட்டாப் போச்சு. ரூல் ரூல்தானே" என்றார் செக்கர். மறுநாள் மனைவியை வெல்டர் மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

தலைவர் அவரை அன்போடு உட்கார வைத்தார்.

"பாருங்க, குளிக்கிறது தன் சொந்த விஷயம்னு ஜனங்க நினைச்சுட்டிருக்காங்க. அவன் பாட்டுக்குக் குளிச்சுட்டு, துவட்டிட்டுப் போயிடறான். அதுக்கப்புறம் பொறுப்பு யாருக்கு? எங்களுக்கு. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ இந்தத் துறையில எல்லாரும் இஷ்டத்துக்குச் சுத்தமா இருந்தாங்க. இப்ப பாருங்க. அனுமதி இல்லாம ஒருத்தர் சுத்தமா இருக்க முடியுமா?"

"முடியாதுங்க சார்" என்றார் செக்கர். உண்மையும் அதுதானே.

பம்புக் குளியலை நேரில் செய்து காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்காகவே வாரியக் கூடத்தின் நடுவில் ஒரு படகு இருந்தது. சிமென்ட் படகு. தரையோடு சேர்த்துக் கட்டி, பெயின்ட் அடித்து, சுற்றிப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். "கடல்ல இருக்கிற படகு ஆடுது. ஆடற படகுல எப்படி ஆய்வு பண்றது? அதான் ஆடாத படகு ஒண்ணு கட்டினோம்" என்றார் தலைவர். செக்கர் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் வெளியே போக வழி இல்லையே என்று மெதுவாகக் கேட்டார். தலைவர் சிரித்துவிட்டார். "படகுல யாராவது ஓட்டை போடுவாங்களா?"

குளிப்பவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். அவள் படுக்கையை விட்டு எழ முடியாது, படகிலிருந்து கரைக்கு ஏற வேண்டியது இரும்பு ஏணி என்று செக்கர் சொன்னார். உறுப்பினர்கள் கூடிப் பேசி, மனிதாபிமான அடிப்படையில் அவளுக்குப் பதிலாக ஆய்வாளர் குளிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

ஆய்வாளர் இடுப்பில் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்தார். செக்கருக்கு வேறு விதமாகக் குளிப்பாட்டத் தெரியாது. ஆய்வாளரின் முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். வகிட்டில் பூந்தூறல் விட்டார், நெற்றியில் கை அணைத்துக் கண்ணில் நுரை விழாமல் பார்த்துக்கொண்டார். "சூடு சரியா இருக்கா?" என்று வாய் தானாகக் கேட்டது. ஆய்வாளரின் தலை அவர் கையிலேயே சரிந்தது. மனுஷன் தூங்கிவிட்டார்.

வழியில்லாத தண்ணீர் படகு நிறைந்து வழிந்து கூடத்தில் ஓடியது. குமாஸ்தாக்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். படகுக்கு வெளியே தண்ணீர் புகும் அபாயம் இருப்பதாக ஒரு குறிப்பு எழுதப்பட்டது. ஆனால் முழித்துக்கொண்ட ஆய்வாளர் மட்டும், "பிறந்ததுலேர்ந்து இப்படி ஒரு குளியல் பார்த்ததில்ல" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. ஆய்வாளர் ஒருவர் சொன்னால் போதுமா? ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாகத் திருப்தி அடைய வேண்டாமா?

மறுநாளிலிருந்து செக்கர் தினமும் மத்தியானம் வாரியத்துக்குப் போய் ஒவ்வொரு உறுப்பினர் தலையாக அலசினார். பம்பை ஆய்வாளரே காலையில் மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடுவார். கணக்கு உறுப்பினருக்கு முழு வழுக்கை. அவருக்கும் ஷாம்பு போட்டே ஆக வேண்டும் என்று விதி. பாதுகாப்பு உறுப்பினர் உயிர்காப்பு அங்கியும் ஹெல்மெட்டும் போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையை அலசச் சொன்னார். சட்ட உறுப்பினர் தன் தலையிலிருந்து ஓடிய கறுப்புச் சாயத்துக்குப் பம்பின் பெயின்டே காரணம் என்று எழுதி வைத்தார்; அதனால் இன்னொரு முறை குளித்து உறுதி செய்துகொண்டார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், எல்லாரும் தூங்கினார்கள். ஒருவர் தூக்கத்தில் "அம்மா" என்றுகூடச் சொன்னார்.

சாயங்காலம் படகுக்கு வந்தால் அவள் கேட்பாள்.

"இன்னைக்கு யார் தலை?"

"கணக்கு உறுப்பினர். வழுக்கை."

"வழுக்கையில என்னங்க அலசுனீங்க?"

அவர் விளக்குவார். அவள் சிரிப்பாள். சிரித்தால் முதுகு வலிக்கும், வலித்தாலும் சிரிப்பாள். அப்புறம் அவர் துண்டைச் சொட்டு விழாமல் பிழிந்து அவள் உடம்பைத் துடைத்துவிடுவார். உடம்புக்குத் துண்டு போதும். தலைக்கு என்ன செய்வது? முடி எண்ணெயும் வியர்வையுமாக ஒட்டிச் சடை விழ ஆரம்பித்திருந்தது. தலையணை நாறுகிறது என்று அவளே சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் அவரிடம் வெட்கப்பட்டது அப்போதுதான். செக்கர் வெளியே வந்து போர்வை கட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுநாளும் வாரியத்துக்குத்தான் போனார்.

அவள் சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. கேள்விகள் சுருங்கின. "இன்னும் எத்தனை தலை?" என்று மட்டும் கேட்டாள்.

"தலைவர் தலை மட்டும் பாக்கி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உன் தலைதான்."

"வரிசையில நிக்க வச்சுட்டீங்களே என்னை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விரலை மட்டும் நீட்டி அவர் கையைத் தொட்டாள். ஊரார் தலையை எல்லாம் அலசி அலசிச் சோப்பில் ஊறி வெளுத்திருந்த கை. "இவ்வளவு சுத்தமா ஒரு கை" என்றாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. வெல்டர் நேராகவே கத்தினான். "போகாதீங்கண்ணே. அந்த ஆளு தலையில இடி விழட்டும், நீங்க எதுக்குத் தண்ணி ஊத்தணும்? அக்கா பக்கத்துல இருங்க." செக்கர் தடுமாறிப்போய் அவளைப் பார்த்தார். அவளே சொன்னாள். "ஒரு தலைதானே. முடிச்சுட்டு வாங்க. பம்போட வாங்க." அவளுக்குப் பம்பு வேண்டியிருந்தது. அவர் போனார்.

தலைவர் சிமென்ட் படகில் ஏறுவதற்கே ஒரு மணிக்கூண்டில் ஏறுவது போல ஏறினார். படகு என்ற நினைப்பிலேயே அவருக்குத் தலை சுற்றியது. இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். செக்கர் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டார். தூறல் விழுந்ததும் தலைவரின் முகம் மெல்ல இளகியது.

"அடடா. இதுக்குப் பேருதான் சுகம். இத்தனை வருஷமா சுகவாழ்வு வாரியம் நடத்தறேன், சுகம்னா என்னன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இது கண்டிப்பாக் கட்டுப்படுத்த வேண்டிய விஷயம். கட்டுப்பாடு இல்லாம விட்டா ஜனங்க தினமும் கேப்பாங்க. நடுவுல ஏன் நிறுத்தறீங்க? இன்னும் கொஞ்சம்."

"சார், வீட்டுல முடியல. கொஞ்சம் சீக்கிரம் போகணும்."

"அவங்களுக்காகத்தானே நானே வந்து உக்காந்திருக்கேன்? இன்னும் கொஞ்சம். பின்னங்கழுத்துல."

பின்னங்கழுத்தில் நுரை போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. வெல்டர் வந்திருந்தான். அனுமதிச் சீட்டு இல்லாததால் காவலாளி அவனை உள்ளே விடவில்லை. அவன் கத்தவில்லை. இத்தனை நாள் கத்திக்கொண்டே இருந்தவன் அன்றைக்கு வாசல்படியில் நின்று, தாழ்ந்த குரலில், "அண்ணே, போதும். வாங்க" என்றான்.

செக்கருக்குப் புரிந்துவிட்டது. கூடத்தில் வேறு யாருக்கும் புரியவில்லை. தலைவர் கண்ணைத் திறக்காமல், "நுரையோட விட்டுட்டு எங்க போறீங்க?" என்றார்.

நுரையோடு ஒரு தலையை விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. பம்பை அடித்து அடித்துத் தலைவரின் தலையை அலசினார். நெற்றியை அலசினார், பின்னங்கழுத்தை அலசினார், காதுக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு பொட்டு நுரை நிற்காமல் அலசினார். துண்டை எடுத்துத் துவட்டினார். பிறகு பம்பைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அங்கீகாரம் தட்டச்சு ஆவதற்குள் போகிறாரே என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

வெல்டர் மனைவி அவளை நேராகப் படுக்க வைத்து, அவள் கண்களை மூடிவிட்டிருந்தாள். "பம்பு வந்திடுச்சான்னு கேட்டாங்க. வந்துட்டே இருக்கு அக்கான்னு சொன்னேன்" என்றாள். செக்கர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தகர டின்னிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்துப் பம்பில் ஊற்றி மேல்தட்டில் வெயிலில் வைத்தார்.

"அண்ணே, இனிமே சூடு எதுக்கு?" என்றான் வெல்டர்.

"பச்சைத் தண்ணி ஊத்தினா திட்டுவா" என்றார் செக்கர்.

சாயங்கால வெயில், தண்ணீர் சுடச் சற்று நேரமாயிற்று. அதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சடை விழுந்த முடியைச் சிக்கெடுத்தார். பிறகு வெல்டரும் அவருமாக அவளைத் தூக்கிப் பள்ளத்தில் இறக்கினார்கள். போர்வையைக் கட்டிவிட்டு வெல்டர் வெளியே போய்த் துறையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான். செக்கர் அவள் முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். வகிட்டில் தூறல் விட்டார். முதல் தண்ணீர் கறுப்பாக ஓடியது, அடுத்தது தெளிந்தது. படகு ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிகுழாய் வழியாகத் தன் பாட்டுக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சூடு சரியா இருக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அப்போதுதான் ஆய்வாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் அங்கீகாரம், முகமெல்லாம் சிரிப்பு. உண்மையில் அவர் கெட்டவர் அல்ல. வாரியத்தில் இருப்பவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. வெல்டரைத் தாண்டி வந்து போர்வைக்கு இந்தப் பக்கம் நின்றார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நாகரிகமாக முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"வாழ்த்துக்கள் சார்! தலைவர் உடனே கையெழுத்துப் போட்டுட்டார். ஓ, குளியல் ஆரம்பிச்சாச்சா? பரவாயில்ல, இனிமே தப்பில்ல. ஒரே ஒரு சம்பிரதாயம் இருக்கு. குளிக்கிறவங்களுக்குத் திருப்தியான்னு நான் நேர்ல கேட்டு எழுதணும். அம்மா, சூடு, வசதி எல்லாம் சரியா இருக்கா? ஏதாவது குறை இருந்தா தயங்காம சொல்லுங்க."

போர்வைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அம்மா?"

செக்கர் அவள் காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தார். நுரை இல்லை.

"நானும் கேட்டேன் சார்" என்றார். "இன்னைக்கு ஒரு குறையும் சொல்லல."

ஆய்வாளர் மனம் நிறைந்துபோய், பேனாவைத் திறந்து, கடலுக்கு முதுகைக் காட்டியபடியே எழுதினார்: குளிப்பவர் முழுத் திருப்தி.